ஜாக்கெட் இருக்கட்டும், அந்த வாக்கியத்தை மாற்றுங்கள்: மோட்டார் சைக்கிள் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுத்தரும் எல்லோருக்கும் வணக்கம்.

முதல் வகுப்பிலேயே மாணவரின் கையில் ஒரு ஜாக்கெட்டைக் கொடுக்கிறீர்கள். எலுமிச்சை மஞ்சள், இல்லையென்றால் ஆரஞ்சு. நெஞ்சிலும் முதுகிலும் வெள்ளிப் பட்டை. "இதைப் போட்டுக்கொள், எல்லார் கண்ணிலும் பட்டுவிடுவாய்" என்கிறீர்கள். எனக்கும் இதையேதான் சொன்னார்கள். நல்ல மனதோடு சொன்னார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை அப்படியே நம்பி நான் விழுந்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நல்ல வெயில், மதியம் தாண்டிய நேரம். நேரான சாலை. வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத மஞ்சள் ஜாக்கெட் போட்டிருந்தேன், ஹெட்லைட்டும் எரிந்துகொண்டிருந்தது. முன்னால் ஒரு பக்கச் சாலையின் வாயில் கார் ஒன்று நின்றது. ஓட்டுபவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். அவர் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தது வரை எனக்குத் தெரிந்தது. சரி, பார்த்துவிட்டார் என்று நினைத்தேன். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சமும் தளர்த்தவில்லை. கார் நகர்ந்தது. என் முன் சக்கரத்துக்கு எதிரே அதன் கதவு வந்து நின்றது. பிரேக்கை அழுத்தியது நினைவிருக்கிறது, அப்புறம் வானம்தான் தெரிந்தது. வலது காறை எலும்பு முறிந்தது. அவர் இறங்கி ஓடி வந்தார். "சத்தியமா உங்களைப் பார்க்கவே இல்லைங்க" என்றார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் பொய் சொல்லவில்லை என்று அப்போதே தெரிந்தது. அவர் கண்ணில் படாத அந்த மஞ்சள் ஜாக்கெட்டைப் பிடித்துத்தான் என்னைத் தூக்கி உட்காரவைத்தார்.

எலும்பு கூடும்வரை வீட்டில் கிடந்த நாட்களில் ஒரே கேள்விதான். பளிச்சென்று உடுத்தினால் பாதுகாப்பா, இல்லையா? தேடித் தேடிப் படித்தேன். பதில் ஒரு வரியில் அடங்கவில்லை. அந்தப் பதிலைத்தான் உங்கள் மாணவர்களுக்கும் முழுதாகச் சொல்லுங்கள் என்று கேட்கிறேன்.

முதலில் ஜாக்கெட்டுக்குச் சாதகமானதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே வலுவானது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 1990களின் நடுவில், விபத்தில் சிக்கி மருத்துவமனைக்கு வந்த அல்லது இறந்துபோன 463 மோட்டார் சைக்கிள் ஓட்டிகளையும், அதே சாலைகளில் விபத்தில்லாமல் போய்க்கொண்டிருந்த 1,233 பேரையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடிவு 2004இல் வெளியானது. ஒளிரும் உடையோ வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் உடையோ போட்டிருந்தவர்களுக்கு ஆபத்து 37 சதவீதம் குறைவு. கறுப்பு ஹெல்மெட்டை விட வெள்ளை ஹெல்மெட்டுக்கு 24 சதவீதம் குறைவு. பகலில் ஹெட்லைட் போட்டவர்களுக்கு 27 சதவீதம் குறைவு. டென்மார்க்கில் மிதிவண்டி ஓட்டுபவர்களிடம் இன்னும் கறாரான சோதனை ஒன்று நடந்தது. சுமார் 6,800 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மஞ்சள் ஜாக்கெட் கொடுத்தார்கள். ஜாக்கெட் கிடைத்தவர்களுக்குப் பிற வாகனங்களோடும் ஆட்களோடும் மோதிக் காயம்பட்ட விபத்துகள் தெளிவாகவே குறைந்தன.

ஆக்லாந்து கணக்கில் ஒரு நெருடல் உண்டு. பளிச்சென்று உடுத்துபவர் பெரும்பாலும் இயல்பிலேயே நிதானமானவர். குறைந்த ஆபத்தில் எவ்வளவு துணியால் வந்தது, எவ்வளவு குணத்தால் வந்தது என்று முழுவதும் பிரித்துவிட முடியாது. ஆய்வாளர்கள் வயது, அனுபவம் போன்றவற்றைக் கழித்துப் பார்த்தார்கள் என்பதும் உண்மை. எப்படிப் பார்த்தாலும் நான் இன்றும் ஜாக்கெட் போடுகிறேன். போடாதே என்று யாராவது உங்களிடம் வாதிட்டால், என் பெயரை அவர் பக்கம் சேர்க்க வேண்டாம்.

அப்படியென்றால் என்னை ஏன் அவர் பார்க்கவில்லை?

இந்தக் கேள்வி பழையது. ஹாரி ஹர்ட் என்ற ஆய்வாளர் தன் குழுவோடு லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981இல் அறிக்கை கொடுத்தார். வேறொரு வாகனத்தோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, அந்த வாகனம் மோட்டார் சைக்கிளுக்கு வழிவிடத் தவறியதால் நடந்தவை. ஆபத்து தெரிந்ததற்கும் மோதலுக்கும் நடுவே ஓட்டிக்குக் கிடைத்த நேரம் பெரும்பாலும் இரண்டு விநாடிக்கும் குறைவு. பின்னாளில் ஐரோப்பாவில் ஐந்து நாடுகளில் 921 விபத்துகளை எடுத்துப் பார்த்த மாயிட்ஸ் ஆய்விலும் ஏறக்குறைய பாதி விபத்துகளுக்கு மற்ற வாகன ஓட்டியின் தவறே முதன்மைக் காரணம். அதில் பெரும்பகுதி, மோட்டார் சைக்கிளைக் கவனிக்காமல் போனது. ஹர்ட் தன் அறிக்கையில் பளிச்சென்ற மேலுடையைப் பரிந்துரைத்தார். அதற்குப் பிறகு வந்தவர்கள் கேட்ட கேள்விதான் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது: ஒரு பொருள் கண்ணில் விழுவதும், அது மனதில் பதிவதும் ஒன்றுதானா?

கண்ணில் நுணுக்கமாகப் பார்க்கும் பகுதி மிகச் சிறியது. கையை நீட்டினால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவுதான். மற்றதெல்லாம் மங்கல், ஓரத்தில் நிறமும் சரியாகத் தெரியாது. தலையைச் சட்டென்று இடமும் வலமும் திருப்பும்போது கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவித் தாவிப் போகிறது. தாவும் நேரத்தில் மூளை பார்வையை அணைத்துவிடுகிறது. அந்த இடைவெளியில் ஒரு மோட்டார் சைக்கிள் முழுசாக ஒளிந்துகொள்ளும். நூறு மீட்டர் தள்ளி வருகிற ஓட்டியின் அகலம், நீட்டிய கையில் பிடித்த பென்சிலின் பாதிதான். ஐம்பது மீட்டரில் ஒரு பென்சில். அதற்கப்புறம்தான் திடீரென்று ஊதிப் பெருக்கிறது. கார் ஓட்டுபவருக்கு "எங்கிருந்தோ முளைத்தான்" என்று தோன்றுவது இதனால்தான்.

காரின் முன்கண்ணாடிக்கு இருபுறமும் கூரையைத் தாங்கும் தூண் இருக்கிறதே, அதற்குப் பின்னால் ஒரு பைக் தாராளமாக மறைந்துவிடும். காரும் பைக்கும் ஒரே புள்ளியை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தால் அந்தத் தூண் நம்மோடு கூடவே வரும், விலகாது. எந்த மஞ்சளாலும் இரும்பைத் துளைத்து ஒளிர முடியாது.

இதையெல்லாம் தாண்டி, எதிர்பார்ப்பு என்று ஒன்று இருக்கிறது. ஒரு சிமுலேட்டர் சோதனை. ஓட்டுபவர்களில் சிலரிடம் மஞ்சள் அம்புக்குறியைப் பார்த்து வழி பிடிக்கச் சொன்னார்கள், சிலரிடம் நீல அம்புக்குறியை. நடுவில் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே வந்தது. தேடிக்கொண்டிருந்த நிறமும் மோட்டார் சைக்கிளின் நிறமும் ஒன்றாக இருந்தபோது பெரும்பாலோர் தப்பித்தார்கள். நிறம் மாறியபோது மோதியவர்கள் பல மடங்கு கூடினார்கள். கண் எதைத் தேடுகிறதோ அது கிடைக்கிறது. பளிச்சென்று பட்டை தீட்டிய போலீஸ் கார்கள், அகலமான சாலையின் ஓரம் விளக்கு மினுக்கிக்கொண்டு நின்றபோதே பின்னாலிருந்து மோதப்பட்டிருக்கின்றன. பிரிட்டனில் அந்த விபத்துகளை ஆராய்ந்தவர்கள், கார் சாலைக்கு நேராக நிற்பதைவிடச் சாய்வாக நின்றால் ஓட்டிகள் சீக்கிரம் சுதாரிக்கிறார்கள் என்று கண்டார்கள். நேராக நிற்கிற காரை, ஓடிக்கொண்டிருக்கிற கார் என்றே மனம் எடுத்துக்கொள்கிறது. நிறம் ஒன்றேதான், நின்ற கோணம்தான் வேறு.

மாயிட்ஸ் விபத்துகளையே திரும்ப எடுத்து 2006இல் ஒரு கணக்குப் பார்த்தார்கள். மோட்டார் சைக்கிள் லைசென்ஸும் வைத்திருந்த கார் ஓட்டிகள், மோட்டார் சைக்கிளோடு நடந்த மோதல்களுக்குக் காரணமாக இருந்தது மற்றவர்களைவிடக் குறைவு. பைக் ஓட்டத் தெரிந்தவர் பைக்கைத் தேடிப் பார்க்கிறார். உங்களில் கார் ஓட்டவும் கற்றுத்தருபவர்கள் இருந்தால், இந்த ஒரு செய்தியை அந்த வகுப்பிலும் சொல்லுங்கள். நான் எத்தனை மஞ்சள் போட்டாலும் செய்ய முடியாத வேலையை அது செய்யும்.

இனி பின்னணியைப் பற்றி. "மஞ்சள் எங்கும் தெரியும்" என்பது அரை உண்மை. இஸ்ரேலில் செய்து 2012இல் வெளியிட்ட ஒரு சோதனையில், கடையும் பலகையும் வண்டியுமாகக் கசகசவென்ற நகரச் சாலையில் வெள்ளை உடையும் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் உடையும் நன்றாக எடுபட்டன. ஆனால் ஊருக்கு வெளியே, ஓட்டிக்குப் பின்னால் வெறும் வெளிச்ச வானம் மட்டும் இருந்த சாலையில் கறுப்பு உடைதான் முந்தியது. யோசித்துப் பார்த்தால் புரியும். வெளிச்ச வானத்தின் முன்னால் மஞ்சள் கரைந்துவிடும். மஞ்சள் பூ பூத்த வயலின் முன்னாலும், சாலை வேலை நடக்கும் இடத்தில் மஞ்சள் தடுப்புகளுக்கு நடுவிலும் அதே கதி. கண்ணை இழுப்பது நிறம் மட்டும் கிடையாது, பின்னணியோடு அதற்கு உள்ள வேறுபாடு. பின்னணியோ போகப் போக மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரே பயணத்தில் பத்து இடத்தில் பளிச்சென்று தெரிவேன், பதினோராவது இடத்தில் மறைந்துபோவேன். இதை ஓட்டுகிற ஆள் தெரிந்துவைத்திருக்க வேண்டாமா?

மஞ்சளும் வெள்ளிப் பட்டையும் ஒரே வேலையைச் செய்கின்றன என்றுதான் நானும் பல வருடம் நினைத்திருந்தேன். இல்லை. அந்த ஒளிரும் மஞ்சள், சூரிய ஒளியில் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும் நீலத்தையும் உள்வாங்கி மஞ்சள்பச்சையாகத் திருப்பி விடுகிறது. பகலில் நம் கண் மிக எளிதாகப் பிடிக்கும் நிறம் அதுதான். அதனால் மேகமூட்டத்திலும் விடியலிலும் அந்தியிலும் அது பிரமாதமாகத் தெரியும். இருட்டிவிட்டால் உள்வாங்க எதுவும் இல்லை, அது சாதாரணத் துணிதான். வெயிலிலும் துவைப்பிலும் அந்தச் சத்து போய்விடும். பழைய ஜாக்கெட் ஒன்றையும் புதியது ஒன்றையும் ஜன்னலோரம் அருகருகே தொங்கவிட்டுப் பாருங்கள், பழையதன் மஞ்சள் எவ்வளவு செத்துப்போயிருக்கிறது என்று தெரியும்.

வெள்ளிப் பட்டை இதற்கு நேர்மாறு. அதில் பொடிப் பொடியாகக் கண்ணாடி மணிகள் பதிந்திருக்கும். எந்தத் திசையிலிருந்து வெளிச்சம் வருகிறதோ, அந்தத் திசைக்கே திருப்பி அனுப்பும். பின்னால் வரும் காரின் ஹெட்லைட் பட்டால் அந்த ஓட்டிக்குப் பளீரென்று எரியும். ஆனால் என்னை இடித்த கார் மாதிரி ஒன்று இரவில் பக்கச் சாலையில் நிற்கிறது என்று வையுங்கள். அதன் ஹெட்லைட் சாலைக்குக் குறுக்கே எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். என் மேல் ஒரு துளி வெளிச்சமும் விழாது. விழாத வெளிச்சத்தைப் பட்டை எப்படித் திருப்பி அனுப்பும்? எந்தச் சந்திப்பில் நமக்கு ஆபத்து அதிகமோ, அங்கேதான் பட்டை ஊமையாகிவிடுகிறது. பின்னாலிருந்து இடிபடாமல் காப்பதில் அது கெட்டிக்காரத்தனமான பொருள். முன்னால் அதை நம்ப முடியாது. இந்த ஒன்றையாவது மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள், தயவுசெய்து.

எலும்பு கூடிய பிறகு நானே ஒரு வேலை செய்தேன். மாலை மங்கும் நேரத்தில் நண்பரை என் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டச் சொல்லி, நான் காரில் பின்தொடர்ந்தேன். அவர் வழக்கம்போல முதுகுப்பையை மாட்டியிருந்தார். கறுப்புப் பை. பின்னாலிருந்து பார்த்தால் இரு தோள்களிலும் விரலகல மஞ்சள் கீற்று, இடுப்புக்குக் கீழே கொஞ்சம் பட்டை, அவ்வளவுதான். முதுகு முழுக்கக் கறுப்பு. அப்புறம் காரைத் திருப்பி நிறுத்தி அவரை எதிரே வரச் சொன்னேன். முன்னால் முகப்புக் கண்ணாடியும் மூடியும் உள்ள வண்டி. அதன்மேல் அவர் குனிந்திருந்தார். ஹெட்லைட்டின் கூச்சத்துக்கு மேலே ஹெல்மெட் மட்டும்தான் தெரிந்தது. அது கறுப்பு. நெஞ்சில் அத்தனை மஞ்சள் இருந்தும் எனக்கு ஒரு சதுர அடிகூடக் கிடைக்கவில்லை. அன்று இரவே வெள்ளை ஹெல்மெட் வாங்க முடிவு செய்தேன். முதுகுப்பைக்கு மேலே மாட்டும் ஒளிரும் உறையும் வாங்கினேன். ஆக்லாந்து கணக்கில் ஹெல்மெட்டின் நிறம் தனியாக எடுபட்டதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்: வண்டியில் எதுவும் மறைக்காத உயரத்தில் இருப்பது தலை மட்டும்தான். இது என் ஊகம், ஆனால் காரில் உட்கார்ந்து பார்த்த ஊகம்.

இன்னொன்று. நம்மைப் பார்த்துவிட்ட பிறகும் ஆபத்து தீருவதில்லை. சின்னதாகத் தெரியும் பொருள் தூரத்தில் இருப்பதாகவும் மெதுவாக வருவதாகவும் மனம் கணக்குப் போடும். காரும் பைக்கும் ஒரே நேரத்தில் வந்துசேரும் என்றாலும், பைக் தாமதமாக வரும் என்றே மக்கள் நினைக்கிறார்கள் என்று 2005இல் பிரிட்டனில் காட்டினார்கள். இரவில் ஒற்றை ஹெட்லைட் இன்னும் மோசம், வேகத்தைக் கணிக்க அதில் பிடிமானமே இல்லை. ஒரு விளக்குக்குப் பதில் மூன்று விளக்குகளை முக்கோணமாக வைத்துக் காட்டியபோது கணிப்பு மேம்பட்டது. ஜாக்கெட்டால் இந்த இடத்தில் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. வேகத்தைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக ஒரு வார்த்தை. பிரான்சில் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டி ஓட்டுபவர்கள் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் பட்டை அணிய வேண்டும் என்று கொண்டுவந்த விதியை, ஓட்டிகள் திரண்டு எதிர்த்ததால் 2013இல் கைவிட்டார்கள். 2016 முதல் அங்கே ஜாக்கெட்டை வண்டியில் வைத்திருந்து, அவசரமாக ஓரங்கட்டி நிற்கும்போது போட்டுக்கொள்ள வேண்டும். நின்றுகொண்டிருக்கும் ஆளுக்குப் பின்னால் ஹெட்லைட்டோடு வண்டிகள் வரும் நிலைமை அது; பட்டை அங்கே முழு வேலை செய்யும். புத்தியான விதி என்பேன். கட்டாயம் வேண்டுமா, வேண்டாமா என்ற சண்டைக்குள் உங்களை இழுக்க விரும்பவில்லை. எனக்கு உள்ள பயம் வேறு. விபத்து நடந்ததும் "ஜாக்கெட் போட்டிருந்தானா?" என்பதே முதல் கேள்வியாக ஆகிவிட்டால், வழிவிடாமல் வந்தவர் பார்த்தாரா என்ற கேள்வி பின்னால் போய்விடும்.

சரி, என்ன செய்யச் சொல்கிறேன்?

வகுப்பில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். காலியான மைதானம், ஒரு கார், ஒரு பைக் போதும். மாணவரைக் காரின் ஓட்டுநர் இருக்கையில் உட்காரவையுங்கள். காரைப் பக்கச் சாலையில் நிற்பதுபோல் குறுக்காக நிறுத்துங்கள். பைக் தூரத்திலிருந்து வரட்டும், முதலில் ஜாக்கெட் இல்லாமல், அப்புறம் ஜாக்கெட்டோடு, அப்புறம் ஜாக்கெட்டும் முதுகுப்பையுமாக. மாணவர் தலையைச் சட்டென்று ஒருமுறை திருப்பிவிட்டு, பைக் எங்கே இருந்தது என்று சொல்லட்டும். பைக்கை அந்தத் தூணுக்குப் பின்னால் சரியாக நிறுத்திவிட்டு, "எங்கே அவர்?" என்று கேளுங்கள். மாணவர் தேடுவார், கிடைக்காது. தலையை ஒரு சாண் முன்னால் நகர்த்தச் சொல்லுங்கள், தூணுக்குப் பின்னாலிருந்து முழு மஞ்சளும் வெளியே வரும். பொழுது சாய்ந்ததும் இதையே மறுபடி செய்யுங்கள். காரின் ஹெட்லைட் குறுக்கே இருக்கும்போது பட்டை இருண்டு கிடப்பதையும், காரைத் திருப்பியதும் அது பற்றிக்கொள்வதையும் மாணவர் தன் கண்ணால் பார்க்கட்டும். நீங்கள் பத்து வகுப்பில் சொல்வது அந்தப் பத்து நிமிடத்தில் உள்ளே இறங்கிவிடும்.

அதன் பிறகு ஜாக்கெட்டைக் கையில் கொடுங்கள். கொடுக்கும்போது இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "இதைப் போட்டால் உன்னைப் பார்க்கிறவர்கள் கூடுவார்கள். பார்க்காத ஒருவர் எப்போதும் இருப்பார். பக்கச் சாலையில் கார் நின்றால் அவர் முகத்தைப் பார்க்காதே, முன் சக்கரத்தைப் பார். ஆக்சிலரேட்டரைத் தளர்த்து, விரலைப் பிரேக் மேல் வை, லேனுக்குள்ளேயே கொஞ்சம் விலகி உன்னைக் காட்டிக்கொள்." முகம் என்னை ஏமாற்றியது. திரும்பிய முகத்தைப் பார்த்தேனே தவிர, உருளத் தொடங்கிய சக்கரத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அரை விநாடி கிடைத்திருக்கும். அந்த வேகத்தில் அரை விநாடி என்பது எட்டு மீட்டர்.

மைதானத்தில் பைக்கை ஓட்டிக் காட்ட ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். அந்த மஞ்சள் ஜாக்கெட் இன்னும் என்னிடம் இருக்கிறது. வலது தோளில் கிழிந்த இடத்தைத் தைத்து வைத்திருக்கிறேன். அதையே போட்டுக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
பல வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கும் உங்கள் பழைய மாணவர்களில் ஒருவன்